அளவுகோலில் ஒரு புல் முடிச்சு

போன மாதம் எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் மாட்டினார்கள். வேலூரில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து பல வருடங்கள் ஆகின்றன. இத்தனை காலமும் மொட்டைமாடித் தொட்டியில் இருந்ததைப் பொதுவில் செலவழித்துக்கொண்டு, பொதுவில் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுக்கொண்டு நிம்மதியாகத்தான் இருந்தோம். மூன்றாவது மாடிக்காரர் தினமும் காரைக் குளிப்பாட்டுகிறார் என்று இரண்டாவது மாடியில் சொல்வார்கள். இரண்டாவது மாடியில் வாஷிங் மெஷின் ஓயவே ஓயாது என்று முதல் மாடியில் சொல்வார்கள். நான் முதல் மாடி.

மீட்டர் மாட்ட வந்த ஆள் வேலையை முடித்துவிட்டு, யாரும் கழற்றிவிடக் கூடாது என்று அதன் கழுத்தில் மெல்லிய கம்பியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, ஈய வில்லை ஒன்றை வைத்து நசுக்கினார். "இத்த மட்டும் அவுத்துடாதீங்க சார், அப்புறம் நீங்கதான் பதில் சொல்லணும்" என்றார். குழாயைத் திறந்து பார்த்தபோது புது இரும்பில் தண்ணீர் படுகிற வாசனை வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும், உதட்டில் அடிபட்டால் நாக்கில் தெரியுமே, அதற்குப் பக்கத்து வாசனை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னா சார் சிரிக்கிறீங்க?" என்று அவர் மீட்டரை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். ஏற்கெனவே ஒரு முடிச்சை அவிழ்த்துவிட்டு ஒரு மலையூருக்கே பதில் சொன்னவன் நான் என்பதை அவருக்கு எப்படி விளக்குவது?

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒடுகத்தூர்ப் பக்கம் எங்களுக்கு வேர்க்கடலைக் கொல்லையும், ஏரியின் கடைசி மடையில் கொஞ்சம் நெல் நிலமும் இருந்தன. நான் படித்துவிட்டு, நைனாவின் பார்வையில் படாமல் சுற்றிக்கொண்டிருந்தேன். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தச் சமயத்தில் ஆற்று நீர் சர்வே ஒன்றுக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தார்கள். ஜவ்வாது மலையில் ஓர் ஓடைக்குள் அளவுகோல் ஒன்றை நட்டுவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் எந்தக் கோட்டைத் தொடுகிறது என்று பார்த்து எழுத வேண்டும். இதற்கு ஒரு பட்டதாரியா என்று கேட்காதீர்கள். நைனா கேட்டுவிட்டார்.

எங்கள் அதிகாரியை சர்வே ஐயா என்போம். ஜீப் ஏறுகிற தூரம் வரை ஜீப்பிலும் அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டும் மலை ஏறியவர். ஓடை இறங்கி ஆறாகி, ஆறு பாலாற்றில் விழுந்து, பாலாறு கடலுக்குப் போகிறதல்லவா, அந்தக் கடலோரத்துக் கிணறுகளில் தண்ணீர் உப்பாகிக்கொண்டு வருகிறதாம். மேலேயிருந்து எவ்வளவு வருகிறது, வழியில் எவ்வளவு போகிறது என்று தெரிந்தால்தான் காரணம் தெரியுமாம். "மலையிலருந்து கடல் வரைக்கும் கணக்கு எடுக்கறோம்பா. நீதான் மொத ஆளு" என்றார். கடலையே அதுவரை பார்த்திராத எனக்குப் பெருமையாக இருந்தது.

அளவுகோல் என் உயரத்துக்கு இருந்தது. இரும்புப் பட்டை, வெள்ளைப் பெயின்ட், கறுப்புக் கோடுகள், சிவப்பு எண்கள். தண்ணீர் பட்டதும் மீட்டரில் வந்த அதே வாசனை. ஓடை சின்ன மடுவாகத் தேங்கி நிற்கும் இடத்தில் குழி எடுத்து சிமென்ட் போட்டு நட்டோம். மேட்டில் நின்று ஊரே பார்த்தது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேசாமல் பார்க்கிற கூட்டத்தை நான் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

தங்குவதற்கு சடையன் என்பவரின் வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை கிடைத்தது. அவருக்கும் அவர் மனைவி குப்பம்மாவுக்கும் மேட்டில் சாமைக் கொல்லை. மடுவுக்குக் கீழே ஓடையை ஒட்டி ஒரு துண்டு நெல் வயல். மலையில் தினமும் சாமைச் சோறுதான். நெல்லுச்சோறு என்றால் அந்தத் துண்டில் விளைவதுதான். ஊரில் அப்படி ஏழெட்டுக் குடும்பங்களுக்குத் துண்டு துண்டாக வயல் இருந்தது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ஓடை. குடிக்கவும் அதுவே.

இப்போது சந்தேகங்களைச் சொல்ல வேண்டும். கோடையில் எங்கள் ஏரிக்கு வரும் தண்ணீர் குறைந்தால், மலைக்காரர்கள் மேலே அடைத்துவிட்டார்கள் என்பது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்கு வேலை கிடைத்ததும் நைனாவின் முகமே மாறிவிட்டது. "நல்லதாப் போச்சுடா. கூடவே இருந்து எவன் அடைக்கிறான், எங்க அடைக்கிறான்னு பாத்து வந்து சொல்லு" என்றார். மலையூரிலோ, நான் எந்த ஊர், யார் மகன், எங்கள் நிலம் எந்த மடையில் இருக்கிறது என்பதெல்லாம் நான் மூட்டையை இறக்கும் முன்பே தெரிந்திருந்தது. அடிவாரத்துக்காரர்களை அங்கே கீநாட்டான் என்பார்கள். கீநாட்டான் ஒருவனைக் கொண்டுவந்து ஓடைக்குக் காவல் வைத்தால் யார்தான் நம்புவார்கள்? சர்வே ஐயாவும் என்னை நம்பவில்லை. படுத்த இடத்திலிருந்தே அளவு எழுதுகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். திடீர் திடீரென்று வந்து என் வேட்டி ஈரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்.

குப்பம்மாவுக்கு வாய் கொஞ்சம் தாராளம். ஒருநாள் துணி துவைத்துக்கொண்டே கேட்டார்.

"இத்த இன்னாத்துக்கு சாரு அளக்கறீங்க?"

"கடலோரத்துல நல்ல தண்ணி இல்லாமப் போவுதுக்கா. அதுக்கு."

"கடல்லயே தண்ணி இல்லன்னா எங்க ஓடைய இன்னா பண்ணப் போறீங்க?"

உப்பு, கிணறு, பாலாறு என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுத் துணியை ஓங்கி அடித்தார். காவலூர்ப் பக்கம் பெரிய கண்ணாடி வைத்து நட்சத்திரம் பார்க்கிறார்கள் என்பது மலை முழுக்கத் தெரியும். "அங்க வானத்த அளக்கறாங்க, இங்க தண்ணிய அளக்கறீங்க. நடுவுல நாங்க கீறோம், எங்கள எப்ப அளப்பீங்க?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

சில நாட்கள் கழித்து ஒரு காலையில் அளவுகோலின் இடுப்பில் புல் கட்டியிருந்தது. கூரை வேய்கிற நீளமான புல். அதைத் திரித்து, மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே விட்டு இழுத்த முடிச்சு. நான் அவிழ்த்து ஓடையில் விட்டேன். மறுநாளும் இருந்தது. மறுநாளும் அவிழ்த்தேன். யார் கட்டுகிறார்கள் என்று பார்க்கப் புதரில் உட்கார்ந்து அட்டைக்கடி வாங்கியதுதான் மிச்சம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். செய்வினை என்று அவர் முடிவே கட்டிவிட்டார். பட்டதாரி மகன் அரையில் தாயத்தோடு மலை ஏறினான். முடிச்சை அவிழ்க்கும்போது தாயத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்வேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பங்குனி பிறந்ததும் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. கோடை வந்தால் இறங்கத்தானே செய்யும்? ஊர் அப்படி நினைக்கவில்லை. அளவுகோலை ஊரில் கம்பு என்பார்கள். கம்பு நட்ட பிறகு வந்த முதல் கோடை அது. நான் போய் நின்று, பார்த்து, எழுதிவிட்டு வந்தால் மறுநாள் ஒரு விரற்கடை குறைகிறது. கெட்ட நேரம் பாருங்கள், நான் காய்ச்சலில் வீட்டுக்குப் போயிருந்த நாட்களில் மேலே கோடை மழை பெய்து ஓடை நிரம்பிவிட்டது. திரும்பி வந்து எழுத ஆரம்பித்ததும் மறுபடி இறங்கியது. இதைவிட ருசு வேறென்ன வேண்டும்? "நீ எழுத எழுதத்தாம்பா கொறையுது" என்று சடையன் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்கிறேன், அதற்குப் பிறகு சில நாட்கள் நான் பென்சிலை எடுக்கவே தயங்கினேன்.

அந்த வாரமே ஊர் கூடியது. ஓடைக்கரையில் பெரிய புளியமரம் ஒன்று உண்டு. காலை வெயிலில் அதன் அடியில் ஆண்களும் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். என்னை நிற்கச் சொன்னார்கள். சடையன்தான் பேசினார்.

"கம்புல இருந்த முடிச்ச நீதான அவுத்த?"

"ஆமாண்ணே."

"எத்தினி வாட்டி?"

"தெனமும்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர்கள் சொல்லித்தான் எனக்கு விஷயம் விளங்கியது. காட்டில் ஒருவர் தேன்கூட்டைப் பார்த்துவிட்டால் மரத்தில் புல் முடிச்சுப் போட்டுவிட்டுப் போவார். அதன்பின் அது அவருடைய தேன். வெட்டிக் கிடக்கும் மரம், காய்க்கிற கடுக்காய், எதுவானாலும் இதே வழக்கம்தான். யாரும் தொட மாட்டார்கள். ஒருவர் முடிச்சை இன்னொருவர் அவிழ்த்தால், 'இது உன்னுடையது இல்லை, என்னுடையது' என்று சொல்வதாக அர்த்தம். அப்படி அவிழ்த்தவர் ஊர் முன்னால் வந்து தன் பாத்தியதையைச் சொல்ல வேண்டும். ஓடைக்குள் நாங்கள் கம்பு நட்டதும், அது எங்கள் பாத்தியதை என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் தங்கள் முடிச்சைக் கட்டியிருக்கிறார்கள். நான் பல் விளக்குவதுபோல தினமும் அதை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அப்ப தண்ணி உன்னுதா?"

"ஐயோ, என்னுது இல்லண்ணே."

"பின்ன யாருது?"

யோசிக்காமல், "சர்க்காருது" என்றேன். அதைவிட மோசமான பதிலைத் தேடினாலும் கிடைத்திருக்காது.

குப்பம்மா எழுந்து நின்றார். "முன்ன ஒருக்கா காட்டுல கல்லு நட்டாங்க. சும்மா அளக்கறோம்னுதான் சொன்னாங்க. இப்ப அந்தக் கல்லுக்கு அந்தாண்ட வெறவு பொறுக்கக்கூட எங்களால போவ முடியல. இங்க கம்பு நட்டீங்க. நாளைக்கு கம்புக்கு இந்தாண்ட வராதன்னு சொன்னா என் புள்ளைங்க இன்னாத்தக் குடிக்கும்?" என்றார். அவர் குரல் உயரவில்லை. அந்தத் தண்ணீரை என்ன செய்யப்போகிறார்கள் என்று எனக்கும் தெரியாது. சர்வே ஐயாவிடம் ஒருதரம் கேட்டேன். "அளந்தாத்தான்யா தெரியும்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார். அந்தப் பதிலை நானே நம்பியிருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நைனா வந்து சேர்ந்தார். மகன் மலையேறி மாதங்களாகியும் அடைக்கிறவன் பெயர் ஒன்றுகூட வரவில்லையே, பையன் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டானோ என்று சந்தேகம். ஒடுகத்தூரிலிருந்து நடந்தே ஏறி வந்திருக்கிறார். வேர்த்து விறுவிறுத்து நின்றவர் ஐந்து நிமிஷம் பேச்சைக் கேட்டார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் ஒரு கைப்பிடி புல்லைப் பறித்தார். ஓடையில் இறங்கி, அன்று காலை அவர்கள் கட்டியிருந்த முடிச்சுக்குக் கீழே, மாட்டுக்குக் கட்டுகிற சுருக்காகத் தன் முடிச்சை இறுக்கிக் கட்டினார்.

"இந்தத் தண்ணிதான் எங்க ஏரிக்கு வருது. எங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து வருது. இந்தா, நானும் கட்டிட்டேன். எவனாச்சும் அவுத்தா நானும் இதே மரத்தடில வந்து கேப்பேன்" என்றார்.

கீநாட்டானுக்கு ஏது முடிச்சு என்று சடையன் குதித்தார். தண்ணி மட்டும் கீழே வரலாம், முடிச்சு மேலே வரக் கூடாதா என்று நைனா கேட்டார். வெயில் உச்சிக்கு வரும்வரை கத்தினார்கள். எங்கே அடைக்கிறீங்க என்று இவர் கேட்க, அடைச்சதை வந்து காட்டு என்று அவர்கள் ஓடை நெடுகக் கூட்டிக்கொண்டு போனார்கள். வயலுக்குத் திருப்ப ஒரு கல்வரிசை இருந்தது, அவ்வளவுதான். நைனாவுக்கு ஏமாற்றமாகிவிட்டது. திரும்பி வந்ததும் குப்பம்மா சாமைக் கூழ் கொடுத்தார். நைனா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, குப்பம்மா ஒரு வாய் குடித்த பிறகே குடித்தார்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மேல் முடிச்சுக்கு மேலே தண்ணீர் நிற்கும்வரை மலைக்காரர்கள் வயலுக்குத் திருப்பிக்கொள்ளலாம். அதற்குக் கீழே இறங்கினால் பாதியைத் திருப்பி, பாதியை விட வேண்டும். நைனாவின் முடிச்சுக்கும் கீழே போய்விட்டால் வயலுக்கு யாரும் தொடக் கூடாது. குடிக்க எடுத்ததுபோக மிச்சத்தைப் போகிற போக்கில் விட்டுவிட வேண்டும். சர்க்கார் இரும்பில் சிவப்பு எண்கள் தம் பாட்டுக்கு இருந்தன. அவற்றை இரண்டு தரப்பும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கப்புறம்தான் சந்தேகம் ஒழுங்காக நடந்தது. முடிச்சைக் கீழே நகர்த்திவிட்டார்களா என்று பார்க்க நைனா சந்தைக்கு வருகிற சாக்கில் அடிக்கடி மலை ஏறினார். புல் காய்ந்தால் புதுசு கட்ட வேண்டும். கட்டும்போது குப்பம்மா தன் முடிச்சை ஒரு விரற்கடை இறக்கிக் கட்டுவார். நைனா தன்னுடையதை ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டுவார். இரண்டும் எனக்குத் தெரியும். எந்தக் கோட்டில் இருந்தது என்பதைச் சொல்ல மலையிலேயே தகுதியான ஆள் நான்தான். என்னை மட்டும் யாரும் கேட்கவில்லை.

சர்வே ஐயா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, சர்க்கார் கம்புக்கு கல்யாணமா? அவுத்துப் போடு" என்றார். "அவுத்தா ஊர் கூட்டி பதில் சொல்லணும் சார். வேணும்னா நீங்களே அவுத்துப் போடுங்க" என்றேன். அவர் கையை நீட்டினார். மேட்டைப் பார்த்தார். அங்கே குப்பம்மா துவைப்பதை நிறுத்திவிட்டு நின்றிருந்தார். கரையில் நைனா வேறு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். சர்வே ஐயா நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு, "கோடு மறையாமப் பாத்துக்கோ" என்றார்.

இரண்டு மூன்று கோடைக்குப் பிறகு சர்வேயை முடித்துவிட்டார்கள். எனக்கு வேறு வேலை கிடைத்தது. மலைக்காரர்கள் பயந்ததுபோல அணையோ குழாயோ எதுவும் வரவில்லை. கம்புக்கு இந்தாண்ட வராதே என்று யாரும் சொல்லவில்லை. கடலோரத்துக் கிணறுகள் என்னவாயின என்பதும் என் காதுக்கு எட்டவில்லை. வருடத்துக்கு வருடம் ஓடை மட்டும் சீக்கிரம் சீக்கிரமாக நின்றுகொண்டே வந்தது. எங்கள் பக்கம் கிணறுகள் ஆழமாகி, அப்புறம் கொல்லைக்குக் கொல்லை போர் போட்டோம். மலையிலும் ரோடு வந்து, ரோட்டின் பின்னால் போர் வண்டி வந்தது. நைனா கடைசிவரை, "மேல அடைச்சிட்டானுங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லும்போது எங்கள் கொல்லையில் மூன்றாவது போர் இறங்கிக்கொண்டிருந்தது. யார் எடுத்தது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யாரையாவது ஒருவரைச் சந்தேகப்பட முடிந்தால் மனசு கொஞ்சம் ஆறும்.

மீட்டர் மாட்டிய மறுவாரம் மலைக்குப் போனேன். இப்போது ஊர்வரைக்கும் வண்டி போகிறது. புளியமரம் இருக்கிறது. மடு இருந்த இடத்தில் உருண்டைக் கற்களும் சருகும். நடுவில் அளவுகோல் அப்படியே நின்றது. பெயின்ட் முழுக்க உதிர்ந்து, துரு மட்டும். தொட்டு முகர்ந்தேன். அந்த வாசனை வரவில்லை. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

மேட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. குப்பம்மா. நன்றாகத் தளர்ந்திருந்தார். சடையன் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்றாம். வயலில் இப்போது ஒன்றும் இல்லையாம். வீட்டு வாசலில் குழாய் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம், வாரத்தில் சில நாள் வருமாம். என்னை அடையாளம் கண்டதும் அவர் முதலில் கேட்டது இதைத்தான்.

"மறுபடியும் அளக்க வந்துட்டியா சாரு?"

முன்பெல்லாம் அந்தக் கேள்வியில் ஒரு முள் இருக்கும். அன்றைக்கு இல்லை. ஆமாம் என்று நான் சொல்லிவிடமாட்டேனா என்று எதிர்பார்ப்பதுபோல இருந்தது. அது என்னைச் சங்கடப்படுத்தியது.

"இல்லக்கா, சும்மாதான் வந்தேன்."

"சும்மாவா?" என்றார்.

கரையில் கொஞ்சம் புல் பறித்துத் திரித்தேன். அளவுகோலுக்குப் பக்கத்தில் போய், எந்த உயரத்தில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். நைனாவின் முடிச்சு எந்தக் கோட்டில் இருந்தது என்று நினைவிருந்தது. கோடு இல்லை. பழைய பழக்கத்தில் மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். குப்பம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க வேணாலும் கட்டிக்கோ சாரு" என்றார். "அவுத்தது யாருன்னு கேக்க இங்க இன்னா கீது?"